போண்டா உட்கார்ந்த இடங்கள்

எங்கள் மாமா ஆதிமூலத்தை இதுவரை பதினோரு நாய்கள் கடித்திருக்கின்றன. மின்வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்து எழுதுகிற வேலை அவருக்கு. முப்பது வருடமாக அதே வேலை. கதவைத் திறக்கிற வீட்டம்மா, "அது ஒண்ணும் பண்ணாதுங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் அது பண்ணிவிட்டிருக்கும். தொப்புளைச் சுற்றி ஊசி போட்ட காலம், கையில் போடுகிற காலம் இரண்டையும் பார்த்தவர். அப்படிப்பட்ட ஆள் ஒரு நாயின் பின்னால் மலை ஏறி இறங்கினார் என்றால் ஊர் சிரிக்கத்தான் செய்யும். நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இப்போது எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

என் பெயர் கலையரசன். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆதிமூலம் என் அக்கா சந்தியாவின் கணவர். அவர்கள் குடியிருப்பது வடக்கனந்தலில். கொல்லையில் நின்றால் மலை தெரியும். எனக்கு மலையும் பிடிக்காது, நாயும் பிடிக்காது, நடப்பது சுத்தமாகப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் மலை ஏறியதை ஆசையில் போனதாக யாரும் நினைக்கக் கூடாது.

கல்வராயன் மலைக்குப் போகிறவர்கள் ஆடி, ஆவணியில் போவார்கள். மழை பிடித்து அருவிகள் கொட்டும்போது வெள்ளிமலைச் சாலை முழுக்க பைக்குகள்தான். அருவிக்கரை முழுக்க பிரியாணிப் பொட்டலமும் பாட்டுச் சத்தமும்தான். மாமா அப்போதெல்லாம் மலைப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார். மாசி, பங்குனியில் அருவிகள் வெறும் பாறையாகி, புல் காய்ந்து, அங்கே போவதற்கு மனுஷனுக்கு ஒரு காரணமும் இல்லாத நாளில்தான் கிளம்புவார். மாதத்தின் முதல் பாதியில் ரீடிங் வேலை முடிந்துவிடும். அதற்குப் பிறகு வருகிற சனிக்கிழமைகளில், எக்ஸெல் வண்டியின் முன்பலகையில் நாயை நிற்கவைத்துக்கொண்டு கோமுகி அணையைத் தாண்டிப் போவார். பைக்குள் ஒரு நீலத் தார்ப்பாய், நைலான் கயிறு, போர்வை, புளிச்சோறு, தண்ணீர் கேன். அடுப்பு பற்றவைக்கமாட்டார். காய்ந்த காலத்தில் ஒரு பொறி போதும் என்பார். வனத்துறையின் எல்லைக்கல்லைத் தாண்டவும் மாட்டார். மலைக்காரர்கள் பயிர் வைக்காமல் விட்ட நிலமாகப் பார்த்து, சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, இரண்டு மரத்துக்கு நடுவில் தார்ப்பாயைக் கட்டி ஒரு ராத்திரி படுத்துவிட்டு மறுநாள் இறங்கி வருவார்.

"அமைதியா இருக்குது மச்சான்," என்பார் கேட்டால். அதற்கு மேல் ஒன்றும் சொல்லமாட்டார்.

நாயின் பெயர் போண்டா. அதை வீட்டுக்குக் கொண்டுவந்தது அவர் மகன் பிரவீன்குமார். டீக்கடை வாசலில் மழையில் நனைந்துகொண்டிருந்த குட்டியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்தான். உருண்டையாக இருந்ததால் அந்தப் பெயர். வளர்ந்து, ஒல்லியாகி, விலா எலும்பு தெரிந்த பிறகும் அதே பெயர்தான். தெருவில் நின்று மாமா "போண்டா, போண்டா" என்று கூப்பிடுவதைக் கேட்டு, "எனக்கு ரெண்டு" என்று சொல்லாத ஆள் அந்தத் தெருவில் இல்லை.

பிரவீன் நல்ல பையன். ஐ.டி.ஐ. படித்து ஒசூரில் இரண்டு வருடம் வேலை பார்த்தான். அப்புறம் திரும்பி வந்தான். ஏன் வந்தான் என்று எவனுக்கும் சரியாகச் சொல்லவில்லை. வந்ததிலிருந்து குடிதான். மலையிலிருந்து இறங்குகிற பாக்கெட் சாராயம். எங்கே குடிப்பான், எங்கே விழுவான் என்று சொல்லமுடியாது. இன்றைக்கு ஏரிக்கரை, நாளைக்குக் கரும்புத் தோட்டம்.

சாயங்காலம் ஆறு மணி ஆனதும் போண்டா கிளம்பிவிடும். யாரும் பழக்கவில்லை. சாராய வாசனை பிடித்து அவன் கிடக்கிற இடத்தைக் கண்டுபிடித்து, பக்கத்தில் உட்கார்ந்துவிடும். குரைக்காது. யாராவது பிஸ்கட் போட்டால் திரும்பிப் பார்க்காது. மாமா ஊரைச் சுற்றித் தேடிக்கொண்டு வருவார். தூரத்தில் நாய் உட்கார்ந்திருப்பது தெரிந்தால் மகன் அங்கே இருக்கிறான் என்று அர்த்தம். கிட்டே போய்க் குனிந்து, அவன் கையை எடுத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு, "எழுந்திருடா கண்ணு, வூட்டுக்குப் போலாம்" என்பார். அவன் பாரம் அவர் தோளில் ஏறிய பிறகுதான் போண்டா எழுந்திருக்கும். அப்பனும் பிள்ளையும் தள்ளாடி முன்னால் போக, அது பின்னால் வரும். நாலு வருடம் இப்படியே நடந்தது. வடக்கனந்தலில் இதைப் பார்க்காத கண் கிடையாது.

ஒரு ஐப்பசி மாதம், அடைமழை நாளில், பிரவீன் வீட்டுக்கு வரவில்லை. காலையில் கரும்புக்குத் தண்ணீர் விடுகிற வாய்க்காலில் குப்புறக் கிடந்தான். கணுக்கால் அளவு தண்ணீர். இருபத்தாறு வயது.

அன்றைக்கு மட்டும் நாய் ஏன் தேடிப் போகவில்லை என்று சாவு வீட்டில் நாலு பேர் கேட்டார்கள். மழையில் வாசனை கரைந்திருக்கும் என்று நான்தான் விளக்கம் சொன்னேன். விளக்கம் சொல்வதில் எனக்கு எப்போதும் அவசரம். மாமா அப்போது என்னை ஒரு பார்வை பார்த்தார். துக்கத்தில் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் பேச்சு நின்றுபோனது. அக்கா சமைத்து வைப்பாள், மாமா போட்டுச் சாப்பிடுவார். அவர் கூடத்துக்கு வந்தால் அவள் சமையலறைக்குள் போவாள். சண்டை ஒன்றும் இல்லை. சண்டை போட்டிருந்தால் நான் நடுவில் புகுந்து இரண்டு பேரையும் திட்டி ஒரு வழிக்குக் கொண்டுவந்திருப்பேன். கொல்லை வேப்பமரத்தில் போண்டாவின் சங்கிலி தொங்கிக்கொண்டிருந்தது. மாமா அதைத் தொடுவதில்லை. நாயை அவர் மறுபடியும் கட்டவே இல்லை. கடித்துவைத்தால் யார் பதில் சொல்வது என்று பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் போட்டபோதும் கட்டவில்லை. அது எங்கே போனாலும் இவரும் பின்னால் போனார். அது மலைக்குப் போனது. இவரும் போனார். அந்தச் சனிக்கிழமைப் பயணம் இப்படித்தான் ஆரம்பித்தது.

இரண்டு வருடம் போனது. அக்கா ஒருநாள் கடைக்குப் போன் பண்ணி, "நீ ஒரு தடவ அவரு கூடப் போய் அங்க இன்னா பண்றாருன்னு பாத்துட்டு வாடா. எனக்கு பயமா இருக்குது," என்றாள். அவளாக என்னிடம் ஒன்று கேட்டது ரொம்ப நாளைக்குப் பிறகு அதுதான். அதனால் ஒரு பங்குனிச் சனிக்கிழமை என் வண்டியை எடுத்துக்கொண்டு மாமாவின் பின்னால் போனேன்.

மலையடிவாரம் தாண்டி ஏழெட்டு வளைவு ஏறியதும், மரவள்ளி பிடுங்கிய ஒரு காட்டோரம் வண்டிகளை நிறுத்தினோம். அங்கிருந்து நடை. வெயில் மண்டையைப் பிளந்தது. சறுக்குகிற செம்மண்ணும் காலைக் கிழிக்கிற காய்ந்த முள்ளும்தான் பாதை. ஒரு ஆள் மட்டும் நடக்கலாம்.

"மாமா, ஒரு ஈ காக்கா இல்லையே. இங்க இன்னாத்துக்கு வரீங்க?"

"அதுக்குத்தான் வரேன். நீ பேசாம வா மச்சான்."

"எங்க தங்கப் போறோம்?"

"அது பாத்துவைக்கும்," என்று முன்னால் போகிற நாயைக் காட்டினார்.

ஒரு மணி நேரம் மூக்கைத் தரையில் தேய்த்துக்கொண்டு போன போண்டா, ஒரு சரிவில் திரும்பி இறங்கி ஓர் இடத்தில் உட்கார்ந்தது. நான் போய்ப் பார்த்து அசந்துவிட்டேன். வழித்துவிட்ட மாதிரி சமதரை. மேலே கடுக்காய் மரத்து நிழல். ஊரெல்லாம் காய்ந்து கிடக்கிற பங்குனியில், பாறைக்கு அடியில் ஒரு சின்ன ஊற்று கசிந்துகொண்டிருந்தது. பாதையில் நின்று பார்த்தால் இப்படி ஓர் இடம் இருப்பதே தெரியாது. இந்த நாய்க்கு எங்கள் ஊர் இன்ஜினியர்களைவிட இடம் பார்க்கத் தெரிகிறது என்று சொல்லி, போனை எடுத்து நாலு படம் பிடித்தேன்.

"போட்டோ எடுக்காத," என்றார் மாமா. எடுத்தது எடுத்ததுதான்.

வாசனை எனக்குக் கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது. வெல்லம் புளித்த வாசனை. நாய் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் சருகும் தழையும் அளவுக்கு மீறிக் குவிந்திருந்தன. காலால் தள்ளினேன். கழுத்துவரை மண்ணில் புதைத்த ஒரு நீல பேரல். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. சாராயம் காய்ச்சுவதற்கு வெல்லமும் வேலம்பட்டையும் போட்டு வைத்த ஊறல். எனக்கு அப்போதுதான் புரிந்தது. சமதரை, வற்றாத தண்ணீர், நிழல், மறைவு: தனியாகப் படுத்துக்கொள்ள ஆசைப்படுகிறவனுக்கு எது வேண்டுமோ, அத்தனையும் காய்ச்சுகிறவனுக்கும் வேண்டும். நாய் இடம் பார்க்கவில்லை. வாசனை பார்த்தது.

புதருக்குப் பின்னாலிருந்து ஒருவர் எழுந்து வந்தார். ஐம்பது வயது இருக்கும், வெறும் மேல், தலையில் துண்டு.

"ரீடிங் சாரு, இன்னிக்கு ஆளக் கூட்டிக்கினு வந்துட்டீங்களே. யாருங்க இவுரு?"

"என் மச்சான். ஜெராக்ஸ் கட வெச்சிருக்கான். ஒண்ணும் பயப்படாத அம்மாசி."

"நமக்கு இன்னாங்க பயம். கரும்பு வெட்டற வேல கம்மியாப் போச்சு. கீழேருந்து வர மொதலாளி காவலுக்குக் கூலி குடுக்கறாரு, குந்திக்கினு இருக்கறேன்." அம்மாசி குனிந்து போண்டாவின் தலையைத் தடவினார். அது அசையவில்லை. "நான் ஒரு நா மப்புல இங்கயே வுழுந்து கெடந்தங்க. முழிச்சிப் பாக்கறேன், இது பக்கத்துல குந்திக்கினு இருக்குது. எம்பொண்டாட்டி கூட அப்பிடி குந்த மாட்டா."

அவர் தள்ளிப் போனதும் எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"தெரிஞ்சேதான் வரீங்களா மாமா? ஒங்க புள்ளய கொன்ன சனியன் இதுதானே! போலீசுல சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"சொல்லலாம்."

"அப்புறம் இன்னா?"

மாமா கயிற்றை மரத்தில் கட்டிக்கொண்டே சொன்னார். "சொன்னா ஒடைச்சிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் நாய் எங்க போய்த் தேடும்? அதுவும் தேடறத நிறுத்திட்டா, அவனத் தேடறதுக்கு யாரு மச்சான் இருக்கா?"

"இத குடிச்சி இன்னும் நாலு வூட்டுப் புள்ளைங்க சாவட்டும், ஒங்க நாய்க்குத் தேடறதுக்கு எடம் வேணும். அப்பிடித்தானே?"

அவர் கயிற்று முடிச்சை இழுத்து இறுக்கினார். நான் சொன்னது நியாயம்தான். நியாயமாகப் பேசிவிட்டு அதற்கப்புறம் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது போல ஒரு கஷ்டத்தை நான் பட்டதில்லை.

காலையில் தார்ப்பாயை மடித்துக் கிளம்பினோம். போண்டா பேரல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. முந்தின நாள் வைத்த சோறு அப்படியே இருந்தது. மாமா அதைக் கூப்பிடவில்லை, இழுக்கவும் இல்லை. அதன் பக்கத்தில் போய்க் குனிந்தார். தரையிலிருந்து எதையோ எடுப்பது போல எடுத்துத் தன் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டார். "எழுந்திருடா கண்ணு, வூட்டுக்குப் போலாம்" என்றார். பிறகு, ஒரு தோள் சாய்ந்து, பாரம் சுமக்கிறவர் மாதிரி தள்ளாடித் தள்ளாடி மேட்டில் ஏறினார். போண்டா எழுந்து உடம்பை உதறிவிட்டு அவர் பின்னால் போனது.

இரண்டு வருடமாக, ஒவ்வொரு முறையும், இப்படித்தான் அதைக் கூட்டிவந்திருக்கிறார். அழுதால் அவர் பார்த்துவிடுவார் என்று பின்தங்கி நடந்தேன்.

கீழே வந்து சிக்னல் கிடைத்ததும் அந்தப் படங்களை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தேன். 'எங்க மாமா வீட்டு நாய் கண்டுபிடிச்ச இடம்' என்று எழுதியும் வைத்தேன். பெருமைக்கு வைத்தேனா, கோபத்தில் வைத்தேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. பேரல் தெரியாத படமாகப் பார்த்துத்தான் போட்டேன். ஆனால் ஜெராக்ஸ் கடைக்காரனின் நம்பர் ஊரில் யாரிடம்தான் இல்லை? பாறையையும் ஊற்றையும் பார்த்தாலே அது எந்தச் சரிவு, அங்கே என்ன இருக்கும் என்று தெரிந்துகொள்கிறவர்களும் என்னிடம் ஜெராக்ஸ் எடுக்கிறார்கள். ஐந்தாவது நாள் ரெய்டு. பேரல்களை வெட்டி ஊறலை மண்ணில் கொட்டி அழித்ததாகப் பேப்பரில் நாலு வரி வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் அக்கா வீட்டில் இருந்தபோது அம்மாசி வந்தார். சட்டை போட்டிருந்தார். உள்ளே வரமாட்டேன் என்று வாசலிலேயே நின்றார்.

"சாரு, நீங்க சொல்லலன்னு எனக்குத் தெரியும். மொதலாளி கேக்கலங்க. அது மோப்பம் புடிக்கற நாய், போலீசு குடுத்து வுட்டதுங்கறாரு. கறியில மருந்து வெக்கச் சொல்லி ஆளு வுட்டிருக்காரு. ஒரு ரெண்டு மாசம் நாயக் கட்டிப் போடுங்க. அத்த மலைக்கு வுடாதீங்க."

போகும்போது என் கடைக் கார்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். நான்தான் காரணம் என்று அவரிடமும் சொல்லவில்லை, மாமாவிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. மாமா என் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா கொல்லைக்குப் போனாள். வேப்பமரத்திலிருந்து சங்கிலியை எடுத்து, போண்டாவைக் கூப்பிட்டுக் கட்டினாள். மாமா எழுந்து நின்றார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

ஆறு மணிவரைக்கும் நாய் சும்மா படுத்திருந்தது. ஆறு மணிக்கு எழுந்து இழுக்க ஆரம்பித்தது. சங்கிலி மரத்தில் உரசுகிற சத்தம். குரைக்கவில்லை. இழுக்கும், மூச்சு முட்டும், நிற்கும், மறுபடியும் இழுக்கும். நாங்கள் மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"அன்னிக்கும் இப்பிடித்தான் இழுத்திருக்கும்," என்றார் மாமா.

எனக்குப் புரியவில்லை. "என்னிக்கி?"

"அவன் செத்த அன்னிக்கி. நாந்தான் கட்டிப்போட்டேன்." அவர் எங்களைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினார். "தெனமும் தூக்கி வரதாலதான் அவனுக்கு பயமே வுட்டுப்போச்சுன்னு நெனச்சேன். ஒரு ராத்திரி மழைல கெடந்து நனையட்டும், அப்பத்தான் புத்தி வரும்னு நெனச்சேன். நாய் போனா எனக்கு மனசு தாங்காது, நானும் போயிடுவேன். அதான் சங்கிலிய மாட்டிட்டு, மணலூர்பேட்டையில வேல இருக்குதுன்னு பொய் சொல்லிட்டு, சும்மா ஊரு சுத்தப் போயிட்டேன். அவுத்து வுட்டிருந்தா அது அவன் பக்கத்துல குந்தி இருக்கும். எவனாச்சும் பாத்திருப்பான்."

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அக்கா பேசினாள்.

"எனக்குத் தெரியுங்க."

மாமா திரும்பினார்.

"நீங்க போயிட்டீங்க. நான் வூட்லதானே இருந்தேன். கொல்லைக்குப் போயி அது கட்டிக் கெடக்கறத பாத்தேன். நானும் அதான் நெனச்சேன், ஒரு நாளைக்குக் கெடக்கட்டுமே, சனியன்னு. ஒம்போது மணி வரைக்கும் சங்கிலிய இழுத்துக்கினே இருந்துதுங்க. சத்தம் தாங்கல. டிவி சத்தத்த ஜாஸ்தி பண்ணி வெச்சேன்." அவள் குரல் உடையவில்லை. அதுதான் கேட்க முடியவில்லை. "நீங்க கட்டுனீங்கன்னு ஒங்கள பாக்கப் புடிக்கல எனக்கு. நான் அவுக்கலன்னு நீங்க கண்டுபுடிச்சிடுவீங்களோன்னு ஒங்க முன்னாடி நிக்கவும் பயம்."

இரண்டு வருடம் ஒரே கூரைக்குக் கீழே, ஒரே விஷயத்தை, ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் சுமந்திருக்கிறார்கள். மழையில் வாசனை கரைந்திருக்கும் என்று நான் சொன்ன விளக்கத்தை இருவரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கொல்லையில் சங்கிலி சத்தம் நிற்கவே இல்லை. மாமா எழுந்து போனார். அவர் என்ன செய்யப் போகிறார் என்று எனக்குத் தெரியும், அக்காவுக்கும் தெரியும். மருந்து வைத்த கறியை மறந்துவிட்டோம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தச் சத்தத்தை இன்னொரு ராத்திரி கேட்கச் சொல்லி அவரிடம் யார் சொல்வது? வளையம் கழன்றது. போண்டா வேலிக்கு அடியில் புகுந்து மலைப் பக்கம் ஓடியது. மாமா வண்டியை எடுத்துக்கொண்டு அணைவரைக்கும் தேடிவிட்டுத் தனியாகத் திரும்பி வந்தார்.

ராத்திரி அங்கேயே தங்கிவிட்ட எனக்கு விடிந்ததும் போன் வந்தது. சிக்னல் கிடைக்கிற இடம்வரை இறங்கி வந்து கூப்பிட்டவர் அம்மாசி.

"சாரு, நாய் ஊத்தாண்ட குந்திக்கினு இருக்குது. பேரலு ஒடஞ்ச எடத்துல. கறிய போட்டுட்டாங்க. நான் பொறுக்கலாம்னு போனா ஆளு நிக்கறான். நான் இன்னா பண்ணட்டும்? சீக்கிரம் வாங்க."

அக்கா மாமாவின் வண்டியில் ஏறிக்கொண்டாள். மகன் செத்த பிறகு அவள் அவர் வண்டியில் உட்கார்ந்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். மரவள்ளிக் காட்டோரம் இறங்கி அந்த முள்ளுப் பாதையில் ஏறினோம். வழக்கமாக ஒரு மணி நேரம் பிடிக்கிற வழி. மாமாவுக்கு ஐம்பத்தெட்டு வயது, ஓடினார். அக்கா ரப்பர் செருப்போடு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள். நான் மட்டும் என்னைத் திட்டிக்கொண்டே போனேன், சத்தமாகவே.

சரிவில் ஆள் யாரும் இல்லை. கடுக்காய் மரத்தடியில் வெட்டிப்போட்ட பேரல்கள் கிழிந்து கிடந்தன. ஊறல் ஊறிய மண் இன்னும் கறுப்பாக, முன்னைவிடக் கடுமையாக நாறியது. அதன் நடுவில் போண்டா உட்கார்ந்திருந்தது. அதன் முன்னங்காலுக்கு ஒரு சாண் தூரத்தில் மூன்று கறித்துண்டுகள். கறியில் ஏறியிருந்த எறும்புகள் அங்கேயே செத்துக் கிடந்தன. மாமா முழங்கால் போட்டு நாயின் வாயைத் திறந்து முகர்ந்து பார்த்தார், கறியை எண்ணுவது போல விரலை நீட்டினார், பிறகு நெற்றியை அதன் கழுத்தில் வைத்துக்கொண்டார்.

அது தொடவில்லை. ராத்திரி முழுக்கப் பசியோடு அதைத் தொடவில்லை. பிரவீன் எழுந்திருக்காமல் போண்டா என்றைக்குச் சாப்பிட்டிருக்கிறது?

அம்மாசி மேட்டிலிருந்து, "கூட்டிக்கினு போயிடுங்க சாரு, திரும்பி வருவானுவ," என்றார்.

மாமா எழுந்து, வழக்கம் போல் நாயின் பக்கத்தில் குனிந்தார். கை தரைவரைக்கும் போனது. அதற்கு மேல் வரவில்லை. வாயைத் திறந்தார், அந்த வார்த்தையும் வரவில்லை. முந்தின நாள் எல்லாவற்றையும் சொல்லிவிட்ட பிறகு, அந்தப் பாரத்தை எந்த முகத்தோடு எடுத்துத் தோளில் போடுவது என்று அவருக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. குனிந்தபடியே நின்றார். போண்டா அவரை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. நான் சங்கிலியைக் கொண்டுவந்திருந்தேன். அதைப் பையிலிருந்து எடுக்க எனக்குத் தைரியம் இல்லை.

அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கறுப்பு மண்ணில் கால் வைத்தாள். மலையில் அவர் என்ன செய்கிறார் என்று முன்பே நான் அவளிடம் சொல்லியிருந்தேன். மாமாவுக்கு எதிர்ப்பக்கமாகப் போய்க் குனிந்தாள். இல்லாத ஒரு கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

"எழுந்திருடா கண்ணு," என்றாள். "அம்மா வந்துட்டேன். வூட்டுக்குப் போலாம்."

மாமா அவளைப் பார்த்தார். அப்புறம் இன்னொரு கையை எடுத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டார். இரண்டு பேரும் சேர்ந்து நிமிர்ந்தார்கள். போண்டா எழுந்தது.

நான் அந்தக் கறியைக் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, அக்காவின் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். அது ஒரு ஆள் நடக்கிற பாதை என்று சொன்னேன் அல்லவா? அவர்கள் முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு ஆள் நடக்கிற அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். அதனால் பாதை அவர்களுக்கு இல்லை. இந்தப் பக்கம் மாமா, அந்தப் பக்கம் அக்கா வெறுங்காலோடு, இருவரும் முள்ளிலேயே நடந்து இறங்கினார்கள். போண்டா பாதையில் நடந்து வந்தது.